தடை ஏதும் வராவிட்டால்

லிசில்லா தத்துவம் கேட்கப் போகவில்லை, மழைக்கு ஒதுங்கத்தான் போனாள். தலையில் பிரசவ நாற்காலி, இடுப்பில் எண்ணெய்க் குடுவை. தோல்காரர் வீதியில் ஒருத்திக்குப் பிள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தாள். ஏதென்ஸ் சந்தைத் திடலைத் தாண்டும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மீன்காரர்கள் தட்டிகளை இழுத்து மூடினார்கள். கைக்கெட்டிய கூரை ஸ்டோவா என்கிற சித்திர மண்டபம் ஒன்றுதான். ஓடிப்போய் ஒரு தூணோரமாக நாற்காலியை இறக்கி வைத்தாள். இறக்கியதும் அதிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

உள்ளே, சுவரில் எழுதியிருந்த போர்க்களங்களுக்குக் கீழே ஒரு வாத்தியார் பேசிக்கொண்டிருந்தார். சுற்றி ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் தாடி, எல்லாருக்கும் ஒரே மாதிரி அழுக்குப் போர்வை. லிசில்லாவுக்கு இந்தக் கூட்டத்தின்மேல் அப்படியொன்றும் மரியாதை கிடையாது. பேறுகாலம் பார்க்கிறவளுக்குச் சுத்தமான நகம்தான் முதல் தகுதி. முன்வரிசையில் இருந்த ஒருவனுடைய நகத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் காதைத் திருப்பிக்கொள்ள முடியாது. மழையும் விடுவதாக இல்லை.

வாத்தியார் சொன்னது இவ்வளவுதான். காலையில் எழுந்ததும், பயறில் கல் பொறுக்குவது மாதிரி, உன் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்து வை. இருப்பதைச் சமைத்துச் சாப்பிடு. இல்லாததைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளாதே.

இதைச் சொல்ல ஒரு தாடி வேண்டுமா என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. காலமெல்லாம் பிரசவ அறைக்குள் அவள் செய்வது அதைத்தானே. பிள்ளை எப்படித் திரும்பும், தாய்க்குத் தெம்பு போதுமா, இதெல்லாம் அவள் கையில் இல்லை. வெந்நீர், எண்ணெய், துணி, பத்து விரல், ஒரு குரல், இவைதான் அவள் கையில். அந்த அறைக்குள் அவள் பாறை மாதிரி நிற்பாள். தெருவில் கால் வைத்தால் கதை வேறு. எடை குறைகிறதென்று மீன்காரனோடு சண்டை. விடிவதற்கு முன்னால் கூவுகிறதென்று பக்கத்து வீட்டுச் சேவலோடு சண்டை. வண்டிச் சக்கரம் செய்கிற அவள் புருஷன் கித்தோஸோடு சண்டை போட ஒரு காரணமும் வேண்டியதில்லை. அறைக்குள் வைத்திருக்கிற புத்தியை வெளியிலும் எடுத்துக்கொண்டு போகலாம் என்பது அவளுக்கு அன்றைக்கு அந்தத் தூணோரத்தில்தான் உறைத்தது.

அதற்கப்புறம் மழை இல்லாத நாட்களிலும் போனாள். சந்தைக்குப் போகிற சாக்கில் போவாள். தூணோரம் நின்று கொஞ்ச நேரம் கேட்பாள், வெங்காயம் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். கேட்டதை அன்றைக்கே வீட்டில் செய்து பார்ப்பாள். கைவேலை பழகியவர்களுக்கு எதையும் கேட்டுச் சும்மா வைத்திருக்கத் தெரியாது.

முதலில் சேவல். முன்பெல்லாம் விடியற்காலையில் அது சமையலறைச் சுவர்மேல் ஏறினால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள். இப்போது கூவுவது அதன் வேலை, எழுந்திருப்பது என் வேலை என்று எழுந்துபோய் வாற்கோதுமை மாவு பிசைந்தாள். தினமும் ஏதாவது பறந்து வரும் என்று எதிர்பார்த்துப் பழகிய சேவல் கொஞ்ச நாள் சுவர்மேல் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்ததாகக் கித்தோஸ் பட்டறையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்தது மாலைக் கணக்கு. படுக்கப் போவதற்கு முன் அன்றைக்குச் செய்த தப்புகளைத் தானே எடுத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும். லிசில்லா அடுப்பங்கரையில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லுவாள். கித்தோஸுக்கு இந்த வழக்கம் மிகவும் பிடித்துப்போயிற்று. அவள் மறந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

அதற்கும் அடுத்தது அந்த வார்த்தை. எதைச் செய்யப் போவதாகச் சொன்னாலும் ‘தடை ஏதும் வராவிட்டால்’ என்று சேர்த்துக்கொள் என்றார் வாத்தியார். நினைப்பது உன்னுடையது, நடப்பது உன்னுடையது அல்ல. இரண்டையும் முடிச்சுப் போடாதே. லிசில்லா இதை அப்படியே பிடித்துக்கொண்டாள். தண்ணீர் எடுக்கப் போவதற்குச் சேர்த்தாள், நாத்தனார் வீட்டுக்குப் போவதற்குச் சேர்த்தாள். ஒருநாள் கித்தோஸ் பட்டறையிலிருந்து பசியோடு வந்து என்ன சாப்பாடு என்று கேட்டான்.

“தடை ஏதும் வராம இருந்தா பருப்பு.”

“அடுப்பு எரியுது. பருப்பு கொதிக்குது. நீ நிக்கிற, நான் உக்காந்திருக்கேன். இதுல தடை எங்கருந்து வரும்?”

“நீங்க பேசிக்கிட்டே இருந்தா அடி புடிச்சிரும். அதான் தடை.”

இப்படி வீட்டுக்குள் இருந்தவரைக்கும் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வந்தது மண்டபத்தில் அவள் கேட்ட இன்னொரு பாடத்தால். அதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடமும். வரக்கூடிய கெட்டதையெல்லாம் முன்கூட்டியே மனதுக்குள் நடத்திப் பார்த்துவிடு. வந்தால் அது தெரிந்த முகமாக இருக்கும், கை உதறாது. மருத்துவச்சிக்கு இதைவிட உபயோகமான பேச்சு உண்டா? ஒவ்வொரு பிரசவத்துக்கும் போகிற வழியில் அவள் அத்தனையையும் நடத்திப் பார்த்தாள். கால் முன்னால் வந்தால் இன்னது, கொடி சுற்றினால் இன்னது. அறைக்குள் போனால் விரல் தானாக வேலை செய்தது. இவ்வளவு நல்ல சங்கதியை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருப்பதா என்று அவளுக்கு இருந்தது. அங்கேதான் சறுக்கினாள்.

விளக்குக்காரர் வீதியில் எண்ணெய் வியாபாரம் செய்கிற குடும்பம் ஒன்று. வீட்டுக்குப் பெரியவள் அர்கிப்பே. மகன் தெய்சியாஸ், மருமகள் பிலின்னா. மெகாரா என்ற வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண். தாய் இல்லை, ஊரில் வேறு யாரையும் தெரியாது. போன குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோது லிசில்லாதான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக் கஞ்சி ஊட்டித் தேற்றினாள். இப்போது பிலின்னாவுக்கு முதல் பிள்ளை. மாதம் நெருங்க நெருங்க அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அக்கா, நீங்கதான் வரணும். வேற யாரும் வேண்டாம்.”

“வர்றேன், தடை ஏதும் வராம இருந்தா,” என்றாள் லிசில்லா.

வந்த தடை அவளுடைய வாய்தான்.

மாதம் முடியப் போகிற சமயத்தில் பார்த்துவிட்டு வரப் போனவளை அர்கிப்பே முற்றத்தில் உட்காரவைத்து எள் உருண்டை கொடுத்தாள். எல்லாம் நல்லபடியாக ஆகிவிடும், இல்லையா என்று கேட்டாள். அது கேள்வியே இல்லை. ஆகும் என்று சொல்லி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து வர வேண்டியதுதான். ஏதென்ஸில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், நிறைமாத வீட்டில் எந்தச் சொல்லை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று. லிசில்லாவுக்கும் தெரிந்ததுதான். ஆனால் மண்டபத்துப் பாடம் அவள் தலைக்கு ஏறியிருந்தது.

“ஆகும்னு எப்பிடிம்மா சொல்ல முடியும்? கால் முன்னால வரலாம். கொடி கழுத்தச் சுத்தலாம். ரத்தம் நிக்காமப் போகலாம். எல்லாத்தையும் மனசுல நடத்திப் பாத்துட்டேன், எது வந்தாலும் பாத்துக்கலாம். நீங்க கவலப்படாதீங்க.”

அர்கிப்பேயின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கெட்டது தெறித்துப் போவதற்கு மேலாடையை விலக்கி மார்புக்குள் மூன்று தடவை துப்பினாள். லிசில்லாவின் கையில் மிச்சமிருந்த எள் உருண்டையையும் வாங்கிக்கொண்டாள்.

“எங்க வீட்டு முத்தத்துல உக்காந்து, எங்க உருண்டையத் தின்னுக்கிட்டே, சாவக் கூப்புடுறியா நீ? எந்திரி. இந்த வாசப்படிய இனி மிதிக்காத.”

அன்றைக்குச் சாயங்காலமே ஹெதிலேக்குச் சொல்லி அனுப்பினாள். ஹெதிலேயும் மருத்துவச்சிதான், கெட்டிக்காரிதான். நல்ல சொல்லைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் வராது. வரும்போதே ஒரு தாயத்தும் கொண்டுவந்து கட்டுவாள். லிசில்லா சாவைக் கூப்பிட்ட கதை கிணற்றடி வழியாக ஊரெல்லாம் போயிற்று. அவளுக்குச் சொல்லி வைத்திருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நழுவின. பிள்ளைத்தாச்சி ஒருத்தி அவளை எதிரே பார்த்துவிட்டு வயிற்றை முக்காட்டால் மூடிக்கொண்டு சந்துக்குள் திரும்பினாள்.

வீட்டுக்கு வந்து லிசில்லா கித்தோஸிடம் ஒரு மூச்சு கொட்டித் தீர்த்தாள். நான் சொன்னதில் என்ன பொய், தயாராக இருக்கிறேன் என்றுதானே சொன்னேன், மூடக் கூட்டம் என்றாள். கித்தோஸ் ஒரு ஆரக்காலை இழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். சாதாரணமாக இந்த மாதிரி சமயத்தில் அவனிடமிருந்து ஒரு கிண்டல் வரும். அன்றைக்கு வரவில்லை.

“கல்யாண வண்டி வெளிய போறதுக்கு முன்ன நான் என்ன பண்றேன், சொல்லு. ஒவ்வொரு ஆரக்காலையும் தட்டிப் பாக்குறேன். எங்க முறியும், எங்க கழலும்னு நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். நீ செய்யிறதத்தான் நானும் செய்யிறேன். ஆனா அது பட்டறைக்குள்ள. பொண்ணு வண்டியில காலெடுத்து வெக்கிறப்ப, தாயே, இந்த அச்சு மேட்டுல முறியலாம்னு சொல்லிக்கிட்டா நிப்பேன்?”

லிசில்லாவின் மனது அந்த முற்றத்துக்கே திரும்பிப் போயிற்று. பிலின்னா அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். முற்றத்துக்குமேல் மாடி ஜன்னல். திரை போட்டிருந்தது. திரைக்குப் பின்னால் தறிக்கட்டை விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் பட்டியல் போட ஆரம்பித்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அது அப்போது காதில் விழுந்தது, இப்போதுதான் புத்தியில் விழுந்தது.

அன்றைய மாலைக் கணக்கு சீக்கிரம் முடிந்தது. இன்றைக்குத் தப்பு ஒன்றுதான், பெரியது என்றாள். கித்தோஸ் கூட எதுவும் சேர்க்கவில்லை.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனாள். கதவு திறக்கவில்லை. திரும்பும்போது மாடி ஜன்னலில் திரை கொஞ்சம் விலகியது.

“அக்கா, வர்றேன்னு சொன்னீங்கல்ல.”

அதற்குள் உள்ளேயிருந்து யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் லிசில்லா பயறில் கல் பொறுக்க உட்கார்ந்தாள். பொறுக்கிக்கொண்டே யோசித்தாள். அர்கிப்பே வீட்டுக் கதவு என் கையில் இல்லை. ஊர் வாய் என் கையில் இல்லை. ஹெதிலே என் கையில் இல்லை. பிலின்னாவுக்குக் கொடுத்த வாக்கில் பாதி என் கையில் இருக்கிறது. கூப்பிட்டால் போகிற பாதி. அந்தப் பாதியைச் செய்து வைக்கலாம். எழுந்துபோய் நாற்காலியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். துணிகளை வெந்நீரில் அலசிக் காயவைத்து மடித்தாள். நல்ல எண்ணெயைக் குடுவையில் ஊற்றிக் கூடையில் வைத்து, கூடையை வாசற்படிக்குப் பக்கத்தில் வைத்தாள். தினமும் காலையில் நகத்தை வெட்டித் தேய்த்துக் கொண்டாள். யாரும் கூப்பிடவில்லை. கித்தோஸ் அந்தக் கூடையைத் தாண்டித் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தான்.

வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வலிக்காது என்று மண்டபத்திலும் யாரும் சொல்லவில்லை. வலிக்கும்போது கையை எதில் வைப்பது என்றுதான் சொல்கிறார்கள். அவள் கையை நகம் வெட்டுவதில் வைத்தாள்.

ஊர்க்காவல் தேவியின் திருவிழா வந்தது. ஊர்வலம் போய், புது ஆடை சாத்தி, மாட்டிறைச்சி பங்கு வைத்து எல்லாம் முடிந்தது. கடைசியில் துறைமுகத்தில் படகுப் போட்டி. அன்றைக்கு ஏதென்ஸில் ஆளே இருக்காது. நடக்க முடிந்தவர்களெல்லாம் கடற்கரையில் இருப்பார்கள். வழியில் எப்படியும் நாலு வண்டிக்காவது சக்கரம் கழலும் என்று கித்தோஸ் உளியும் சுத்தியலுமாக விடிவதற்கு முன்பே கிளம்பினான். நீயும் வாயேன், கூப்பிடாத வீட்டுக்கு எத்தனை நாள் காவல் இருப்பாய் என்றான். நாள் கணக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது, நான் வரவில்லை என்றாள் லிசில்லா.

வெயில் ஏறியது. தெருவில் ஒரு நாயும் சேவலும்தான். லிசில்லா வாசலில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருந்தபோது தெரு முனையில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. முக்காடு நழுவி, கூந்தல் அவிழ்ந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. பக்கத்தில் வந்த பிறகுதான் அது அர்கிப்பே என்று தெரிந்தது. வாழ்நாளில் அந்த அம்மாள் தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை.

ஹெதிலே துறைமுகத்துக்குப் போய்விட்டாள். வேலைக்காரிகளும் போய்விட்டார்கள். தெய்சியாஸ் அவன் குலத்தாரின் படகில் துடுப்புப் போடுகிறான். இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றுதான் ஹெதிலே சொல்லியிருந்தாள். விடிந்ததிலிருந்து வலி. இதையெல்லாம் அர்கிப்பே மூச்சு வாங்கி வாங்கிச் சொல்லி, மேற்கொண்டு கெஞ்சுவதற்கு வாயைத் திறப்பதற்குள், லிசில்லா நாற்காலியைத் தலையிலும் கூடையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்திருந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானம் வீணாகப் போனதில் அர்கிப்பேக்குக் கொஞ்சம் திகைப்பு. பின்னாலேயே ஓடினாள்.

“ஆனா ஒண்ணு. கெட்ட சொல் ஒண்ணு வாயில வரக் கூடாது.”

“வராதும்மா.”

தடை ஏதும் வராவிட்டால் என்று அவள் சேர்க்கவில்லை. வாய் அவள் கையில் இருக்கிற பொருள். அதற்குத் தடை வெளியிலிருந்து வராது.

பிலின்னா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். லிசில்லா கை கழுவிக்கொண்டே பார்த்தாள். வலி ஒழுங்காகத்தான் வருகிறது. பெண்தான் வரவிடாமல் பல்லைக் கடித்து, மூச்சைப் பிடித்து, உடம்பை முடிச்சாக இறுக்கி வைத்திருக்கிறாள். இப்படி இறுக்கினால் பிள்ளை எப்படி இறங்கும்? பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்ததும் பிலின்னா கண்ணைத் திறந்தாள்.

“கால் முன்னால வருதாக்கா? கொடி சுத்தியிருக்கா? ரத்தம் நிக்காமப் போயிடுமா?”

சொல் மாறாமல், வரிசை மாறாமல் அவள் பட்டியல். இத்தனை நாளாக அந்தப் பெண் தறியில் உட்கார்ந்து அதையே நெய்துகொண்டிருந்திருக்கிறாள். அர்கிப்பே வாசலில் நின்று துப்பினாள். லிசில்லா திரும்பிப் பார்க்கவில்லை.

“அது எனக்காக நான் யோசிச்சு வெச்சது கண்ணு. உன் காதுல விழுந்தது என் தப்பு. அத இங்க குடு, நான் பாத்துக்கிறேன். அது என்னோட வேல. உன் வேல ஒண்ணே ஒண்ணு. இப்ப வர்ற வலி. முன்ன வந்தது போயிருச்சு. அடுத்தது இன்னும் வரல. இது ஒண்ண மட்டும் பாத்துக்க. மூச்ச விடு.”

பிலின்னா மூச்சை விட்டாள். அந்த வலி போனது. அடுத்தது வந்தபோது லிசில்லா இதையே மறுபடி சொன்னாள். அதற்கடுத்ததற்கும் அதையே. புதிதாகச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை, தேவையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் முடிச்சு தானாக அவிழ்ந்தது. எண்ணெய் தடவி, நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தாள்.

இனி அர்கிப்பே. இதுவரை சுவரோரம் நின்று நல்ல சொல்லாக முணுமுணுத்துக்கொண்டிருந்தவளுக்கு மருமகள் அலறிய ஒரு அலறலில் அந்தச் சொல்லெல்லாம் மறந்துபோயிற்று. நடுங்கிக்கொண்டே வந்து லிசில்லாவின் தோளைப் பிடித்தாள்.

“போயிருவாளா? சொல்லு. எங்கிட்ட மறைக்காத. செத்துருவாளா?”

அந்த வீட்டில் அன்றைக்கு அந்தச் சொல்லை எடுத்தது அர்கிப்பேதான். வேறு ஒருத்தியாக இருந்தால் அதைச் சொல்லிக் காட்டியிருப்பாள். லிசில்லாவுக்கும் ஒரு கணம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உள்ளே தள்ளினாள்.

“அது உங்க கையிலயும் இல்ல, என் கையிலயும் இல்லம்மா. அந்த வெந்நீர்ப் பானை உங்க கையில இருக்கு. அது ஆறுது பாருங்க.”

அர்கிப்பே பானையைப் பார்த்தாள். அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டாள். சூடாக்கினாள், கொண்டுவந்தாள், விரலை விட்டுப் பார்த்தாள், மறுபடி கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். நடுங்குகிறவர்கள் கையில் கனமான, சூடான, கொட்டிவிடக் கூடாத ஒரு பொருளைக் கொடுத்தால் நடுக்கம் பாதி போய்விடும். இது மண்டபத்தில் கற்றது இல்லை, தொழிலில் கற்றது. தண்ணீர் எவ்வளவு வேண்டும் என்று அந்த அம்மாளும் கேட்கவில்லை, போதும் என்று லிசில்லாவும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் ஒரு குடும்பமே குளிக்கிற அளவுக்கு வெந்நீர் இருந்தது.

தலை வந்தது. கொடி ஒரு சுற்று கழுத்தில் இருந்தது. தெரிந்த முகம்தான். லிசில்லாவின் விரல் அதைத் தளர்த்தித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டது. வாய் திறக்கவில்லை. முகத்திலும் ஒன்றும் காட்டவில்லை. வந்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு தடவை என்று மட்டும் சொன்னாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு மடியில் வந்து விழுந்தது. நீலம் பாரித்து, சத்தமில்லாமல் கிடந்தது. முதுகைத் தேய்த்தாள். வாயைத் துடைத்தாள். மறுபடி தேய்த்தாள். அர்கிப்பே பானையோடு அப்படியே நின்றாள்.

பிள்ளை தும்மியது. அதற்கப்புறம்தான் அழுதது.

தும்மல் என்றால் தேவர்கள் தலையாட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அதைவிட நல்ல சகுனம் ஊரில் கிடையாது. அர்கிப்பே பானையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினாள். பிறகு மெதுவாக, பிள்ளை என்னவென்று கேட்டாள். பெண் என்றாள் லிசில்லா.

ஆண் பிறந்தால் வாசலில் ஆலிவ் மாலை, பெண் பிறந்தால் கம்பளி. அர்கிப்பே ஆலிவ் மாலையை ஒரு வாரத்துக்கு முன்னாலேயே கட்டி, அது நடக்கும் என்று நல்ல சொல்லும் சொல்லி, கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தாள். போய் அதைப் பார்த்தாள். திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்தாள். அது முகத்தைச் சுளித்து இன்னொரு தும்மல் தும்மியது. அர்கிப்பே போய்த் தான் நூல் நூற்கிற கதிரிலிருந்தே ஒரு பிடி கம்பளியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். ஆலிவ் மாலையையும் விடவில்லை. அதை லிசில்லாவின் தலையில் வைத்தாள். ஜெயித்தவர்களுக்குத்தானே மாலை என்றாள்.

சாயங்காலம் தெய்சியாஸ் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தான். அவர்கள் படகு கடைசியில் வந்ததாம். அதைப் பற்றி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீதிக்குள் நுழைந்தவன் வாசலில் கம்பளியைப் பார்த்ததும் தோற்றதை மறந்துபோனான். உப்பும் வேர்வையும் கொப்புளமுமாகக் கையை நீட்டிக்கொண்டு பிள்ளையை வாங்க வந்தான்.

“மொதல்ல கையக் கழுவு தம்பி. உங்கம்மா வெந்நீர் போட்டு வெச்சிருக்காங்க, வேண்டிய மட்டும் இருக்கு.”

பிலின்னா கட்டிலில் சிரித்தாள். சிரித்தால் வயிறு வலிக்கிறதென்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

சில நாள் கழித்து அடுப்பு வலம் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்பைச் சுற்றி ஓடி வீட்டில் சேர்த்துக்கொள்கிற விசேஷம். உறவுக்காரர்கள் வழக்கப்படி ஆக்டோபஸும் கணவாயும் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். முட்டைக்கோசை எண்ணெயில் வதக்குகிற மணமும் பாலாடைக்கட்டியை வாட்டுகிற மணமும் தெருக்கோடி வரைக்கும் அடித்தது. பிரசவம் பார்த்தவர்கள்தான் கை கழுவிவிட்டுப் பிள்ளையோடு ஓட வேண்டும். அப்படியானால் நானும்தான் என்று அர்கிப்பே முன்னால் வந்து நின்றாள். வெந்நீர் நானல்லவா போட்டேன் என்றாள். ஊருக்கே அதைச் சொல்லி முடித்திருந்தாள். தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், லிசில்லா மாதிரி ஒருத்தி கிடையாது, ஆனால் தண்ணீருக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். லிசில்லாவுக்கு மறுபடியும் நாலு வீட்டிலிருந்து ஆள் வந்தாயிற்று. முக்காட்டால் வயிற்றை மூடியவளும் அதில் ஒருத்தி.

பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு லிசில்லா முன்னால் ஓட, பின்னால் அர்கிப்பே இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓட, அடுப்பைச் சுற்றி வந்தார்கள். படகுப் போட்டியைவிட இது நன்றாக இருக்கிறதென்று கித்தோஸ் தட்டில் தாளம் போட்டான்.

ஓடி முடித்து உட்கார்ந்ததும் அர்கிப்பே லிசில்லாவின் தட்டில் ஒரு எள் உருண்டையை வைத்தாள். அன்றைக்குப் பிடுங்கிக்கொண்டதற்குப் பதில் என்று யாரும் சொல்லவில்லை.

“அடுத்ததுக்கும் நீதான் வரணும். ஒரு வருசமோ ரெண்டு வருசமோ.”

லிசில்லா வாயைத் திறந்தாள். பிலின்னா அவளைப் பார்த்தாள். கித்தோஸ் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். சொல்ல வேண்டிய மூன்று வார்த்தையையும் லிசில்லா மனதுக்குள் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டாள். பிறகு வெளியே ஒரு வார்த்தைதான் வந்தது.

“வர்றேன்.”

அர்கிப்பே திருப்தியாகத் தலையாட்டினாள். ஒரு கணம் யோசித்தாள். மேலாடையை விலக்கி மார்புக்குள் லேசாகத் துப்பிக்கொண்டு, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, தடை ஏதும் வராம இருந்தா என்று முணுமுணுத்தாள்.

எல்லாருக்கும் கேட்டது. கித்தோஸுக்குத்தான் கணவாய் புரையேறிவிட்டது. சிரிப்பை அடக்கவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அவன் கண்ணில் நீர் வழிய, லிசில்லா எழுந்துபோய் முதுகில் ஓங்கி நாலு தட்டுத் தட்டினாள்.